ஊருக்கே ஒரு சார்ஜர்

மனைவி மின்சார ஆபீஸிலிருந்து வந்து கைப்பையை வைத்ததுமே, கணவன் கார் சாவியை எடுத்துக்கொண்டான்.

"வண்டிக்குச் சார்ஜ் போட்டுட்டு வந்துடறேன்."

"துணி மடிச்சுத் தரேன்னு சொன்னீங்களே?"

"ஊருக்கே ஒரு சார்ஜர்தான். இப்பவே போனாத்தான் இடம் கிடைக்கும்."

அவன் திரும்பி வந்தபோது துணியெல்லாம் அலமாரிக்குள் போயிருந்தது.

"அப்பப்பா, என்ன கூட்டம்! எனக்கு முன்னாடி டாக்டர், அவருக்கு முன்னாடி மருந்துக்கடைக்காரர். நின்னு நின்னு காலே போச்சு."

"பாவம். வீட்டுலயே ஒரு சார்ஜர் மாட்டிடலாமா? எங்க ஆளையே வரச் சொல்றேன்."

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, வேண்டாம்! கரெண்ட் விஷயம். உனக்கு அதெல்லாம் புரியாது."

"சரி, இன்னிக்கு ஃபுல்லா ஏறிடுச்சா?"

"பின்னே? பக்கத்துலயே நின்னு பார்த்தேனே!"

"அந்தச் சார்ஜர் எரிஞ்சுபோய் ஒரு வாரமாச்சுங்க."

அவன் சோபாவில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"புகார் என் மேஜைக்குத்தானே வருது? உங்க ஆபீஸ் பிளக்குலயே வண்டிக்குச் சார்ஜ் போட்டுக்கறீங்கன்னும் தெரியும். அந்தச் சார்ஜர்கிட்ட நீங்க மூணு பேரும் சேர்ந்து அரட்டைதானே?"

அசட்டுச் சிரிப்போடு கேட்டான். "ஒரு வாரமாவா? ஏன் இன்னும் சரி பண்ணல?"

"ஆளை அனுப்பத்தான் இருந்தேன். எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு டாக்டர் வீட்டம்மாவுக்கும் மருந்துக்கடைக்காரர் வீட்டம்மாவுக்கும் போன் பண்ணினேன். சாயந்திரம் வீடு இப்படி நிம்மதியா இருந்ததே இல்லையாம். அவசரமே இல்லைன்னுட்டாங்க."

சாவியை எடுத்து அவன் கையிலேயே வைத்தாள்.

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் சீக்கிரமே கிளம்புங்க."