தோட்டாத் தட்டுப்பாடு

"ஒருத்தருக்கு ரெண்டு பெட்டிதான் மேடம்!"

பர் துபாய் பொம்மைக் கடை மேலாளர் குமரேசன் சொல்லச் சொல்ல, கூட்டம் முண்டியடித்தது.

"ஏன் சார், இனிமே தோட்டா வராதா?"

"சொல்ல முடியாது மேடம்."

சாயங்காலம் கடைப் பையன் ஓடி வந்தான். "சார், தோட்டா கலாஸ்! ஒரு பெட்டிகூட மிச்சமில்ல!"

மாதக்கணக்கில் சீந்துவாரின்றிக் கிடந்த பொம்மைத் துப்பாக்கித் தோட்டா. தட்டுப்பாடு என்பதே குமரேசன் கிளப்பிவிட்டதுதான்.

சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனான். சோபா நிறையத் தோட்டாப் பெட்டிகள்.

"உங்க கடையில வாங்கினதுதாங்க," என்றாள் மனைவி தாமரை. "நீங்க ரெண்டுக்கு மேல தர மாட்டீங்கன்னு பக்கத்து ஃபிளாட்காரங்களை அனுப்பினேன்."

"நம்ம பையன்கிட்ட துப்பாக்கியே இல்லையேடி!"

"அதை எப்ப வேணா வாங்கலாம். தோட்டா கிடைக்காதே!"