எலிப்பொறிக்கு ஐந்து நட்சத்திரம்

நாலு பேரிடம் விசாரிக்காமல் சுண்டான் எலி எந்தப் பொந்திலும் காலெடுத்து வைக்காது. மற்ற எலிகளுக்கும் அதையே ஓயாமல் உபதேசம் செய்யும்.

அன்று அடுப்படி மூலையில் ஒரு கம்பிக்கூண்டு அதன் கண்ணில் பட்டது. உள்ளே மசால்வடை தொங்கியது. சுண்டான் சுவரில் இருந்த பல்லியிடம் கேட்டது:

"ஏன்க்கா, இங்கே தங்கினவங்க என்ன சொல்றாங்க?"

"இதுவரைக்கும் யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்லை, தம்பி."

"ஒருத்தர்கூடவா! அப்போ நல்ல இடம்தான்."

சுண்டான் உள்ளே போய் வடையைக் கடித்ததும் கதவு படாரென்று மூடிக்கொண்டது. கம்பியைக் கடித்துப் பார்த்தது. பல்தான் வலித்தது.

சத்தம் கேட்டு மச்சினன் எலி ஓடி வந்தது.

"மாமா, இடம் எப்படி?"

சுண்டான் மீசையைத் துடைத்துக்கொண்டது.

"விசாரிக்காமலா வருவேன்? தாராளமா அஞ்சு நட்சத்திரம் போடலாம். கதவு மட்டும் கொஞ்சம் இறுக்கம்."