பூஜையில் வைத்தது

ஆயுத பூஜை. ரைஸ்மில்காரர் துப்பாக்கிக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்தார்.

கட்டையில் ஒன்று. குழலில் மூன்று. மேலே குங்குமம்.

இரட்டைக் குழல். அப்பா காலத்துச் சொத்து. 'உயிருக்கு அச்சுறுத்தல்' என்று எழுதித்தான் ஒவ்வொரு முறையும் லைசென்ஸைப் புதுப்பித்தார். அச்சுறுத்தும் அளவுக்கு அந்த ஊரில் யாரும் அவரைப் பொருட்படுத்தியதில்லை. விண்ணப்பத்தில் அதைக் கேட்கவில்லை.

வீட்டில் வேறு ஆயுதங்களும் இருந்தன. அரிவாள்மனை, ஸ்பேனர், ரைஸ்மில் சாவிக்கொத்து, தையல் மெஷின். அவை சுவரோரம்.

துப்பாக்கி நடுவில். சரஸ்வதி படத்துக்கு நேர் கீழே. பிள்ளைகளின் புத்தகங்கள் மேல்.

தரையில் வைத்தால் மரியாதையில்லையாம். ஃபோட்டோவிலும் எடுப்பாக இருக்காது.

குழல் கிழக்குப் பார்த்து. அதற்கும் ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார்.

கதம்பச் சரத்தை அவரே சுற்றினார். குழலில் இரண்டு சுற்று. விசை வளையத்துக்குள் விட்டு, விசையோடு சேர்த்து ஒரு சுற்று. மிச்சத்தைப் புத்தகங்கள் மேல் தொங்கவிட்டார்.

ஃபோட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டார். 'வீரம் விளையும் வீடு.'

கற்பூரம் அணைந்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மில்லுக்கு வந்த விருந்தாளிகளுக்குக் குறிபார்த்துக் காட்டுவதற்காக இரண்டு தோட்டா போட்டிருந்தார். காக்கை பறந்துவிட்டது. தோட்டா உள்ளேயே இருந்துவிட்டது.

மனைவியிடம் சொன்னார். சிரித்துக்கொண்டே.

"எடுத்துருங்களேன். புள்ளைங்க இருக்கற வீடு."

"பூஜையில வெச்சதுல கை வைப்பாங்களா? காலையில மறுபூஜை பண்ணிட்டு எடுத்துக்கலாம். சாமி பாத்துக்கும்."

சாமி இரவு முழுக்கப் பார்த்துக்கொண்டது.

&nbsp;

காலையில் மணியடித்தார். சுண்டல் படைத்தார். விஜயதசமியன்று ஒரு வரியாவது படித்தாக வேண்டும்.

"செழியா, போய் உன் புத்தகத்தை எடுத்து ஒரு பாடம் படி. பாப்பாவோடதையும் எடுத்துக் குடு."

ஃபோன் அடித்தது. ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு ஆலைச் சங்கத் தலைவரே கூப்பிடுகிறார். இது எடுக்காமல் இருக்கிற ஃபோன் அல்ல. கொல்லைப் பக்கம் போனார். அங்கேதான் சிக்னல்.

செழியனுக்கு எட்டு வயது. சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை.

துப்பாக்கியைத் தொடக்கூடாது என்று அவனுக்குத் தெரியும்.

தொடவில்லை.

மேற்கே மண்டியிட்டான். புத்தகத்தின் மேல் கிடந்த பூவைத்தான் இழுத்தான்.

கிழக்கே பாப்பா. ஐந்து வயது. டிராயிங் நோட்டை வாங்கிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டியிருந்தாள்.

வாழைநாராக இருந்தால் அறுந்திருக்கும். இப்போதெல்லாம் பூ நைலான் நூலில் வருகிறது.

&nbsp;

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொண்டுபோக வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

மத்தியானம் வீடு நிறைந்துவிட்டது. கூடத்தில் ஆண்கள். உள்ளறையில் மனைவி, அவளைப் பிடித்துக்கொண்டு நாலைந்து பெண்கள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். நேற்று அந்த ஃபோட்டோவுக்கு அவரும் ஒரு கைகூப்பு அனுப்பியிருந்தார்.

"தோட்டா உள்ள இருந்தது உங்களுக்குத் தெரியுமா சார்?"

செழியனின் அப்பா துண்டால் முகத்தை மூடியிருந்தார். துண்டுக்குள்ளிருந்தே சொன்னார்.

"காலியாத்தான் சார் வெச்சேன்."

அவரே மறுபடியும் பேச வேண்டியிருந்தது.

"தோட்டா வெச்சிருக்கற பீரோ சாவி எங்க இருக்கும்னு பையனுக்குத் தெரியும்."

"வெளையாட்டுப் புள்ள" என்றார் ஒரு சித்தப்பா. "அதுக்கு என்ன தெரியும்."

கூடம் லேசாக மூச்சு விட்டது. எட்டு வயதுப் பிள்ளையை யாரும் ஜெயிலில் போடமாட்டார்கள். ஏற்பாடு எல்லோருக்கும் சௌகரியமாக இருந்தது.

செழியன் தூணோரம் நின்றிருந்தான். புத்தகம் இன்னும் கக்கத்தில். அட்டையில் சந்தனம். சந்தனம் மட்டும் அல்ல. அதை வாங்கி வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

இன்ஸ்பெக்டர் அவன் உயரத்துக்குக் குனிந்தார்.

"நீயா தம்பி தோட்டா போட்டே?"

அவன் அப்பாவைப் பார்த்தான். அப்பாவுக்கு எல்லாம் தெரியும். கிழக்கு எது, எதைத் தரையில் வைக்கக்கூடாது, எதில் எப்போது கை வைக்கலாம், எல்லாம்.

"நானாப்பா?"

துண்டு இறங்கியது. அவர் கை நீண்டு வந்து அவன் தலைமேல் உட்கார்ந்தது. தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு ஆசீர்வாதம் போல இருந்தது.

"ஆமா சார்" என்றான்.

இன்ஸ்பெக்டர் எழுதத் தொடங்கினார்.

உள்ளறையில் அழுகை நின்றது.

வளையல் சத்தம். யாரோ பிடித்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். "விடுங்க" என்று அவள் குரல்.

சத்தம் கூடத்து நிலைப்படி வரை வந்தது.

அங்கே நின்றது.

பேனா ஓடிக்கொண்டிருந்தது.