இரண்டு விரற்கடை

“ஊருக்கெல்லாம் வாஷிங் மெஷின் செய்யற இன்ஜினியர் வீட்டுல, ரிப்பேருக்கு ஆள் கூப்பிட வேண்டியிருக்கு. மூடியைக்கூடத் திறந்து பார்க்க மாட்டேங்கறாரு.”

மெக்கானிக்குக்கு வழிவிட்டபடியே சொன்னாள் மனைவி. சோபாவில் இருந்த கணவர் வாசலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். பார்த்ததும் செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

எல்லாம் வெட்கம்தான் என்று நினைத்துக்கொண்டாள். அவர் வேலை பார்க்கும் கம்பெனியின் மெஷின் அது. இரண்டு வருஷ வாரண்டி முடிந்து பத்தே நாளில் நின்றுவிட்டது.

மெஷின் கூடத்தை ஒட்டிய பால்கனியில் இருந்தது. அதைப் பிரிப்பதற்கு முன்பே எது போயிருக்கும் என்று மெக்கானிக் சொல்லிவிட்டான். பிரித்தால் அதேதான். போர்டில் ஒரு கெபாசிட்டர் வயிறு உப்பிச் செத்திருந்தது.

“ஒட்டினாப்பல சூடாகற பாகம் இருக்கு பாருங்கக்கா. அடுப்பு மேல உக்கார வச்சா யாரு தாங்குவா? ரெண்டு விரக்கடை தள்ளி வச்சிருந்தா பத்து வருஷம் ஓடும்.”

ஏன் தள்ளி வைக்கவில்லை என்று கேட்டாள். போர்டு பெரிதாகும், செலவு கூடும் என்றான். இப்படி வைக்காதீர்கள் என்று சொன்ன ஒருத்தனைக் கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகவும், சரி என்று கையெழுத்துப் போட்டவருக்குச் சம்பளம் ஏறியதாகவும் தங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு என்றான்.

“பிழைக்கத் தெரியாதவன்” என்றாள் அவள். “எங்க வீட்டுக்காரருக்கும் மூணு வருஷம் முன்னாடி சம்பளம் ஏறுச்சு. இந்த வீடு அதுலதான் வாங்கினோம். என்ன புண்ணியம்? அதுலேருந்து மனுஷனுக்குத் தூக்கமே இல்லை.”

செய்தித்தாள் அசையவில்லை. அரைமணி நேரமாக அதில் ஒரு பக்கம்கூடத் திரும்பவில்லை.

மெக்கானிக் புதுக் கெபாசிட்டரின் கால்களுக்கு ஒயர் வைத்து நீட்டினான். சூடு படாத இடமாகப் பார்த்து, இரண்டு விரலை வைத்து அளந்து, தள்ளிப் பொருத்தினான். மெஷின் சுற்றத் தொடங்கியதும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான்.

இந்த வேலை கட்டுப்படியாகிறதா என்று அவள் விசாரித்தாள். பழைய வேலையில் வந்ததில் பாதிகூட வராது, ஆனால் படுத்தால் தூக்கம் வருகிறது என்றான்.

கூலி எடுத்துவர அவள் உள்ளே போனாள்.

அவன் பையை மாட்டிக்கொண்டு சோபாவின் எதிரில் வந்து நின்றான். செய்தித்தாளின் மேல்விளிம்பை ஒற்றை விரலால் மெல்லத் தாழ்த்தினான்.

“என் மேசையில இப்ப யாரு சார் உக்கார்றாங்க?”