கோட்டை அனுப்பிய உத்தரவு

முதலில் புல்வெளிக்கு வேலி வந்தது. பிறகு கிழங்குக்கு வரி வந்தது. அதற்கும் பிறகு ஓடைக்குக் காவல் வந்தது. எல்லாம் குன்றின் அதிகாரி நரியின் வேலை. ஒருநாள் வேலி சாய்ந்து கிடந்தது. அது கிழட்டு ஆடு கொம்பனின் வேலை.

"சாய்த்தவன் பேரைச் சொல்லுங்கடா!" என்று நரி குதித்தது.

"காத்துதான் எஜமான்," என்றது கொம்பன். உண்மை தெரிந்த மந்தை முழுவதும் ஆமாம் என்று தலையாட்டியது.

பெயர் கிடைக்காத நரி தினமும் கோட்டைக்குக் கடிதம் எழுதியது. 'குன்றில் கலகம்' என்று தொடங்கி, கலகக்காரனை நாடு கடத்தக் கோரி, அடியில் தன் பெயரைப் பட்டத்தோடு பெரிதாகப் போட்டது. கோட்டை ஆந்தைகளோ எந்தக் கடிதத்திலும் முதல் வரியையும் கையெழுத்தையும் மட்டுமே படிக்கும்.

உத்தரவு வந்தது. சட்டப்படி அதைச் சாட்சிகள் முன்னால் வாசிக்க வேண்டும். நாடு கடத்தப்படப் போவது தான்தான் என்று எண்ணிக் கொம்பன் முன்னால் வந்து நின்றது. மந்தை அதை ஒட்டி நின்றது.

"ம், வாசி!" என்று நரி இளித்தது.

சேவகன் காகம் வாசித்தது: "குன்றில் கலகம் செய்ததால் இன்றே நாடு கடத்தப்படுபவர், மாண்புமிகு செவ்வால் நரியார்."

"பேரு சரியா காதுல விழலை, தம்பி. சாட்சிங்க நாங்க, இன்னும் சத்தமா," என்றது கொம்பன்.

காகம் குன்றே அதிரக் கத்தியது: "மாண்புமிகு செவ்வால் நரியார்!"