நாலு நல்ல வார்த்தை

“பெரியப்பா, கம்பியைப் பிடிச்சுக்குங்க. மேலே போறப்ப காது அடைக்கும். எச்சிலை முழுங்கினா சரியாயிடும்.”

லிஃப்ட் கதவு மூடிக்கொண்டது. நாற்பத்திரண்டு மாடிக் கட்டடம். அதன் ஆறு லிஃப்ட்டுகளுக்கும் மெக்கானிக் அவன்தான். தினமும் கிரீஸ் கையோடு ஏறி இறங்கும் இடத்தில் இன்றைக்கு லீவு போட்டுவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றான். பெரியப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். பெரியம்மா மட்டும் எண்கள் ஓடுவதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆத்தாடி! இதையெல்லாம் நீதான் ஓட்டறியா கண்ணு?”

“ஓட்டறதில்ல பெரியம்மா. நின்னுபோனா நான்தான் வரணும்.”

“அப்ப ஊரையே தூக்கி நிறுத்தறவன்னு சொல்லு!” என்றார் பெரியப்பா, கண்ணைத் திறக்காமலே.

அவன் மனைவி சிரித்துவிட்டாள். ஏழு மாத வயிற்றோடு நாலு நாளாக அவளும் கூடவே அலைகிறாள். துறைமுகம், பூங்கா, கடைவீதி ஒன்று பாக்கியில்லை. கால் வீங்கி, செருப்புக்குள் போகமாட்டேன் என்கிறது. ‘நீ வீட்டுல இரு’ என்றால் கேட்டால்தானே? கல்யாணமாகி ஆறு வருஷத்தில் வாசலை மிதித்த முதல் சொந்தம். விடுவாளா?

இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு செய்த கல்யாணம். இரண்டு பக்கமும் தலைமுழுகிவிட்டார்கள். ‘எங்க வீட்டுப் பேச்சை நீ எடுக்காதே, உங்க வீட்டுப் பேச்சை நான் எடுக்கமாட்டேன்’ என்று இவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம். எடுத்தால் சண்டை வரும், சண்டை முடிந்தால் அழுகை வரும். எதற்கு வம்பு?

அப்படியிருக்கும்போதுதான் போன வாரம் அவள் போனில் அந்தக் குரல். “பெரியப்பா பேசறேம்மா. நாங்க ரெண்டு பேரும் வியாழக்கிழமை வந்து இறங்கறோம். நடந்தது நடந்துபோச்சு. உங்களைப் பார்க்கணும்போல இருக்கு.”

போனை வைத்ததும் அவள் அவனிடம் ஓடினாள். “என்னங்க, பெரியப்பாவும் பெரியம்மாவும் வர்றாங்களாம்!” என்றாள். “வரட்டும். ராஜா மாதிரி கவனிச்சுக்கலாம்” என்றான் அவன். அன்றைக்கே போய்ப் புது மெத்தை வாங்கி வந்தான். பாவம், அவனுக்குத்தான் உள்ளுக்குள் எவ்வளவு ஏக்கம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

மேல் மாடிக் கண்ணாடி வழியாக ஊர் முழுக்கத் தெரிந்தது. அவன் ஒவ்வொன்றாகக் கைகாட்டிக்கொண்டே வந்தான். பெரியப்பா திடீரென்று திரும்பினார்.

“அதெல்லாம் இருக்கட்டும். பிரசவத்துக்கு யாரு வர்றா?”

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

“யாருமில்லையா? அடப்பாவமே! நான் ஊருக்குப் போனதும் முதல் வேலையா வீட்டுக்கே போய்ப் பேசறேன். நாலு நல்ல வார்த்தை சொன்னா கரையாத மனசா?”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெரியம்மாவை ஒரு தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்த் தன் இரண்டு தங்க வளையல்களையும் கழற்றிக் கையில் திணித்தாள்.

“இதை அத்தைகிட்ட கொடுத்துடுங்க பெரியம்மா. மருமக கொடுத்தான்னு சொன்னா வாங்கிப்பாங்களா?”

“வாங்காம? என் கையாலேயே போட்டுவிட்டுட்டுத்தான் மறுவேலை.”

அன்று சாயங்காலமே விமானம். விமான நிலைய வாசலிலேயே பெட்டியை வாங்கிக்கொண்ட பெரியப்பா, “பிள்ளைத்தாச்சி நிக்கக் கூடாது, கிளம்புங்க” என்று விரட்டாத குறையாக அனுப்பிவைத்தார். கார் நகர்ந்ததும் அவன் மூக்கை உறிஞ்சினான்.

“உங்கிட்ட சொல்லாம ஒரு காரியம் பண்ணிட்டேன். திட்டாதே.”

“நானுந்தான். முதல்ல நீங்க சொல்லுங்க.”

“என் தங்கச் சங்கிலியை உங்கப்பாவுக்குன்னு பெரியப்பாகிட்ட கொடுத்தனுப்பியிருக்கேன். ஊர் போய்ச் சேர்ந்ததுமே கொடுத்துடறேன்னார். தங்கமான மனுஷன்! பார்த்துக்கிட்டே இரு, பிரசவத்துக்கு உங்கம்மா வந்து நிப்பாங்க.”

“எங்கப்பாவுக்கா? உங்க பெரியப்பா எதுக்குங்க எங்கப்பாவைப் பார்க்கப் போறார்?”

“என் பெரியப்பாவா? உன் பெரியப்பாடி!”

“ஐயோ, எங்கப்பாதாங்க வீட்டுக்கே மூத்தவர், எங்கம்மாவும் மூத்தவங்க! எனக்கு ஏது பெரியப்பா?”

அவன் போட்ட பிரேக்கில் பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் கத்தின. அவள் வளையல் இல்லாத கையைத் தடவிக்கொண்டாள்.

“எனக்குத் தெரியாத முகம்னா உங்க பக்கந்தானேன்னு இருந்துட்டேன். வளையலைக்கூட உங்கம்மாவுக்குன்னு… நீங்க ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“நீ கேட்டியா? வீடு தேடி வந்த பெரியவங்களை ‘எந்த வழியில சொந்தம்’னு யாராவது கேட்பாங்களாடி?”

வண்டியைத் திருப்பினான். விமான நிலையத்தில் மேல்தளம் முழுக்கத் தேடினார்கள். புறப்படுகிறவர்கள் வரிசை எதிலும் அவர்கள் இல்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கைப்பிடிச் சுவரோரம் சாய்ந்தவள், தற்செயலாகக் கீழ்த்தளத்தைப் பார்த்தாள். “என்னங்க…” என்று அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக் கைகாட்டினாள்.

கீழே, வந்திறங்குகிறவர்கள் வெளியே வரும் வழியில், கையில் பூங்கொத்தோடு ஓர் இளம் ஜோடி ஓடிவந்து அந்தக் கிழவர் காலில் விழுந்தது: “வாங்க பெரியப்பா! நீங்களாவது எங்களைத் தேடி வந்தீங்களே!”