புதுத் தொப்புள்

வயிற்றைச் சுற்றியிருந்த பெல்ட்டை ஸ்வீட்லின் பிரித்தபோது, தெருவில் காவடிக் கூட்டம் ‘அரோகரா’ போட்டபடி மலைப்பாதைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.

அம்மு கட்டிலில் மண்டியிட்டுப் பார்த்தாள். நாலு வயதுப் பிள்ளைக்குக் காட்டக்கூடிய வயிறுதானா இது என்ற சந்தேகம் ஸ்வீட்லினுக்குக் கடைசி நொடியிலும் போகவில்லை.

தொளதொளவென்று மடிந்து கிடந்த பழைய வயிறு இல்லை. இடுப்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சிவப்பாய் ஒரு தையல். அதற்கு மேலே, இழுத்துத் தைத்த தோலில், டாக்டர் புதிதாக உண்டாக்கிய தொப்புள். மாங்கொட்டைபோல் பிதுங்கியிருந்தது போய், சின்னதாக, நெடுக்குவாட்டில், அழகாகவே இருந்தது.

அம்முவுக்குத் தூக்கம் வரவேண்டுமென்றால் அம்மாவின் தொப்புளுக்குள் விரல் இருக்கவேண்டும். பால்குடி மறந்த நாளிலிருந்து அப்படித்தான். ஆப்பரேஷனுக்காகப் பொதட்டூர்பேட்டையில் அக்காள் பெர்சிஸ் வீட்டில் விட்டதிலிருந்து பிள்ளை ஒழுங்காகத் தூங்கவில்லை. இன்றுதான் பெர்சிஸ் அழைத்து வந்திருக்கிறாள். இந்த மதியம் அம்மு பக்கத்தில் படுத்து, விரலை வைத்துத் தூங்கிவிட்டால் போதும். ஸ்வீட்லினுக்கு வேறொன்றும் வேண்டாம்.

“இது யாரோடது?” என்று கேட்டாள் அம்மு.

வாசற்படியில் நின்று காவடி பார்த்துக்கொண்டிருந்த பெர்சிஸ் திரும்பினாள். “ஒங்கம்மாக்குப் பழசு புடிக்கலியாம்டி. மெட்ராஸ் போயி புதுசு வாங்கினு வந்துகீறா.”

“நீ சும்மா இரு அக்கா.”

“நான் இன்னா பொய்யா சொல்றேன்? ஒம்பொண்ணு என் தொப்புள்ள கைய வெச்சி வெச்சி நான் கூசியே செத்தேன். அவளாண்ட சொல்லு, இனிமே கடை இங்கதான்னு.”

கேலிக்குள் இருந்த கோபம் ஸ்வீட்லினுக்குத் தெரியும். குடலிறக்கத்தைச் சரிசெய்யப் போனவள் வயிற்றையும் சேர்த்துச் சீராக்கிக்கொண்டதைக்கூடப் பெர்சிஸ் பொறுத்துக்கொண்டாள். பழைய தொப்புளையே திருத்தி வைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது, அதை எடுத்துவிடுங்கள், இடத்தையும் மாற்றிவிடுங்கள் என்று தங்கை பிடிவாதம் பிடித்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. டாக்டர் ஆச்சரியப்பட்டார். ஆச்சரியம் என்றுகூடச் சொல்ல முடியாது. பேனாவை மூடிவிட்டு ஒருமுறை ஸ்வீட்லின் முகத்தைப் பார்த்தார். பிறகு மறுபடி திறந்து, பழையதற்கு ஒரு விரற்கடை கீழே புள்ளி வைத்தார்.

அம்மு விரலை நீட்டி, புதுத் தொப்புளுக்குள் வைத்தாள்.

ஸ்வீட்லினுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணால் பார்த்ததால்தான் விரல் அங்கே இருப்பது தெரிந்தது. வெட்டித் தைத்த தோல் மாதக்கணக்கில் மரத்துத்தான் கிடக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

அம்மு விரலை எடுத்தாள். முகர்ந்து பார்த்தாள். கவுனில் துடைத்துக்கொண்டாள்.

“அம்மாது இல்ல.”

சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

பெர்சிஸ் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு தெருவுக்கு இறங்கிப் போனாள்.

ஸ்வீட்லின் மல்லாந்து, கண்களை மூடிக் கிடந்தாள். அடிவாரத்து ஒலிபெருக்கி, கூட்டத்தில் தொலைந்த பிள்ளைகளைப் பற்றி அறிவித்துக்கொண்டிருந்தது. பேர் சொல்லத் தெரியாத ஒரு பிள்ளை அழுதுகொண்டிருக்கிறதாம்.

அப்போது விரல் வந்தது.

முதலில் அவள் நம்பவில்லை. பிறகு நன்றாகவே தெரிந்தது. சின்ன விரல். பழைய இடத்தில் வந்து தொட்டது. அங்கே வெறும் தோல் இருக்கவும் நின்றது. மேலே போனது, பக்கவாட்டில் போனது, திரும்பப் பழைய இடத்துக்கே வந்து தட்டிப் பார்த்தது.

பிள்ளைக்கு மனம் இளகிவிட்டது என்று நினைத்தாள். மரத்த தோலுக்கு உணர்ச்சி வந்துவிட்டது என்றும் நினைத்தாள். கண்ணைத் திறந்தால் அம்மு வெட்கப்பட்டுக் கையை எடுத்துவிடுவாள்.

திறக்கவில்லை. குதிகாலை ஊன்றி, தலைமாட்டுப் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தாள். உள்தையல் சுருக்கென்று இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு நெல்லளவு. புதுத் தொப்புள் அந்த விரலுக்கு நேராக வந்தது.

விரல் அதைக் கண்டுகொண்டது. விளிம்பை ஒருமுறை சுற்றியது. பிறகு உள்ளே மடங்கி, அப்படியே அடங்கிவிட்டது.

தலையைத் தடவிக் கொடுக்கலாம் என்று ஸ்வீட்லின் வலக்கையை நீட்டினாள். கையில் பட்டது அம்முவின் முதுகு.

கண்ணைத் திறந்தாள். அம்மு சுவரைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் கன்னத்துக்கடியில் வைத்துக்கொண்டு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

விரல் வந்திருந்தது இடப்பக்கத்திலிருந்து.

இடப்பக்கம் ரூபஸின் பக்கம். அம்முவோடு கூடப் பிறந்தவன். இரண்டு பேரும் இரண்டு பக்கமும் படுத்து, ஒரு தொப்புளுக்கு அடித்துக்கொள்வார்கள். போன வருஷம் காய்ச்சலில் போனவனைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்த பிறகும், தூங்கப்போகும் நேரத்தில் அவன் விரல் மட்டும் வந்துகொண்டேயிருந்தது. தேடிப் பார்த்து, கிடைக்காமல் போய்விடட்டும் என்றுதான் பழையதை எடுக்கச் சொன்னாள். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அவனுக்கு இடம் தெரிந்துவிட்டது. காட்டிக் கொடுத்தது அவளேதான்.

பழையபடி கீழே நகர்ந்தால் விரல் நழுவிவிடும்.

ஸ்வீட்லின் நகரவில்லை.